பெரியவன் கையெழுத்துப் போடும் முன்

ஜூரோங், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து தீர்ந்தால் சொல், பணம் போடுகிறேன். என் அறையில் இருக்கும் வேளாங்கண்ணிப் பையன் லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடம் கோடாலித் தைலம் ஆறு பாட்டில், மைலோ இரண்டு பாக்கெட், மச்சானுக்கு ஒரு டார்ச் லைட், அப்புறம் இந்தக் கடிதம் எல்லாம் கொடுத்துவிட்டிருக்கிறேன். தைலத்தில் இரண்டை அத்தைக்குக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் பேச்சு வரும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போன வாரம் போனில், பெரியவன் ஏஜென்ட் வழியாகக் கப்பல் வேலைக்குப் போகிற பேச்சை எடுத்ததும் மச்சான் என்ன கேட்டார்? "நீ மட்டும் போகலாம், என் பிள்ளை போகக் கூடாதா?" அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பதில் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. நீ அழுவாய், அவர் சத்தம் போடுவார், நடுவில் லைன் போய்விடும். அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அவருக்கும் படித்துக் காட்டு.

என் கதை உனக்குத் தெரியும். மூன்றரை லட்சம் ஏஜென்ட்டுக்குக் கொடுத்து வந்தவன் நான். வட்டியோடு கட்டி முடிக்க ஒன்றேகால் வருடம் ஆனது. கப்பல் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலை. அறையில் பன்னிரண்டு பேர். விடியுமுன் கேட்டரிங்காரன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற பொட்டலத்தை மத்தியானம் பிரித்தால் சில நாள் சாம்பார் புளித்திருக்கும். இதெல்லாம் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் விமானம் ஏறும் முன்பே ஐபிஏ தாள், அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம், கைக்கு வந்தது. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருந்தது. இங்கே இறங்கியதும் பெர்மிட் அட்டை கொடுத்தார்கள். சம்பளம் வராவிட்டால் மனிதவள அமைச்சுக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, நம் ஆட்கள் கூடுகிற தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போய் டீ குடிக்கலாம். பெரியவனுக்கு வந்திருக்கும் வேலையில் இதில் ஒன்றுகூட இல்லை.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று மாதத்துக்கு முன் எங்கள் யார்டுக்கு ஒரு மீன்பிடிக் கப்பல் வந்தது. நம் அக்கரைப்பேட்டை விசைப்படகுகள் மூன்றை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. சூரை பிடிக்கிற தூண்டில் கப்பல். மைல் கணக்கில் கயிறு, அதில் ஆயிரக்கணக்கில் முள். முள் இறக்கவே ஐந்து மணி நேரம், இழுக்க அதைப் போல இரண்டு மடங்கு. இழுத்து முடித்து மீனை வெட்டி ஐஸ் அறையில் அடுக்குவதற்குள் அடுத்த முள் இறக்கும் நேரம் வந்துவிடும். அப்பாவோடு கடலுக்குப் போன எனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது, அதில் தூங்குவதற்கு நேரமே கிடையாது.

ஆட்கள் எல்லாம் இந்தோனேசியர்கள். ஜாவாவில் தெகால் என்ற ஊர்ப் பையன் ஒருவன் எனக்குப் பழக்கமானான். பெரியவன் வயதுதான் இருக்கும். நான் ஏணியில் நின்று பெயின்ட் அடிக்கும்போது மேலிருந்து எட்டிப் பார்ப்பான். யார்டில் கற்றுக்கொண்ட அரைகுறை மலாயில் பேசினோம். முதலில் அவன் கேட்டது ஒரு வெங்காயம். பச்சை வெங்காயம் தின்று எத்தனையோ மாதம் ஆகிவிட்டதாம்.

பதினான்கு மாதமாக அவன் கரையை மிதிக்கவில்லை. நமக்கு இது விளங்காது அக்கா. நம் படகு ஐஸ் தீர்ந்தால், டீசல் தீர்ந்தால் திரும்பித்தானே ஆக வேண்டும்? அங்கே அப்படி இல்லை. நடுக்கடலுக்கே பெரிய ஐஸ் கப்பல் வந்து மீனை ஏற்றிக்கொண்டு, எண்ணெயும் அரிசியும் இறக்கிவிட்டுப் போகும். மீன் கரைக்கு வந்துவிடும், பிடித்தவன் வர மாட்டான்.

சம்பளம் மாதம் 450 டாலர் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆறு மாதச் சம்பளம் ஏஜென்ட் கடனுக்கு. அதற்கப்புறமும் மாதா மாதம் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, இரண்டு வருடம் முடிந்தால்தான் தருவார்களாம். நடுவில் இறங்கினால் அந்தப் பணம் போச்சு, ஊர் திரும்பும் டிக்கெட்டும் அவன் செலவு. பாஸ்போர்ட் கேப்டன் அறையில் பூட்டி இருக்கிறது. "கேட் பக்கத்தில்தான் இருக்கிறது, இறங்கி யாரிடமாவது சொல்லேன்" என்றேன். அவன் சொன்னதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "கையெழுத்து நான்தானே போட்டேன் அண்ணே."

கொத்தடிமை என்றால் சங்கிலி போட்டுக் கட்டி வைத்து அடிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சங்கிலியே தேவையில்லை. கடன் ஒரு பக்கம், பிடித்து வைத்த சம்பளம் ஒரு பக்கம், பூட்டி வைத்த பாஸ்போர்ட் ஒரு பக்கம், சுற்றிலும் தண்ணீர். நம் ஊரிலும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் மீனை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். அப்பா எத்தனை வருடம் அப்படிப் போட்டார். ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்து உன் கையால் சோறு தின்றார். வியாபாரி ரொம்ப இழுத்தால் பஞ்சாயத்தில் போய் உட்கார ஒரு இடம் இருந்தது.

அந்தப் பையனுக்கு நான் உடனே என்ன செய்தேன் என்று கேட்பாய். உடனே ஒன்றும் செய்யவில்லை. "உன் வேலையைப் பார்" என்று ஃபோர்மேன் சொன்னார், என் பெர்மிட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து ஒரு வாரத்தை ஓட்டினேன். அடுத்த ஞாயிறுதான், கையில் அடிபட்டுக் கேஸ் நடத்திக்கொண்டிருக்கும் என் நண்பனோடு கஃப் ரோட்டுக்குப் போனேன். தேக்கா பக்கம்தான். டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு, இப்படி அடிபட்டும் சம்பளம் வராமலும் வேலை இல்லாமல் நிற்பவர்களுக்கு 2008-இலிருந்து அந்த வட்டாரத்தில் இலவசமாகச் சாப்பாடு போடுகிறது. இவனும் அங்கேதான் சாப்பிடுகிறான். அங்கே தமிழ் பேசும் ஒரு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கப்பல் பெயர், எந்த யார்டு எல்லாம் குறித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கப்பல் போய்விட்டது. ஒரு வாரம் முன்னால் போயிருக்க வேண்டும் நான்.

போவதற்கு முன் அந்தப் பையன் அவன் அம்மா போன் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தான். கூப்பிட்டேன். என் மலாய் அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "கப்பான் பூலாங், கப்பான் பூலாங்" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது வீட்டுக்கு வருவான் என்று அர்த்தம்.

அதற்கப்புறம் நான்கைந்து முறை அந்தத் தொண்டூழியர் அம்மாவோடு பேசியிருக்கிறேன். இங்கே ஆள் கடத்தலுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2015 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் தடவைக் குற்றத்துக்கே பத்து வருடம் வரை சிறை, ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், பிரம்படியும் உண்டு. ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுவந்து அடிமை வேலை வாங்கினால், "அவனே சம்மதித்தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தெகால் பையனுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம், அன்றைக்கு எனக்கே தெரியாது.

ஆனால் சட்டம் கரையில் இருக்கிறது, ஆள் கடலில் இருக்கிறான். என்னைக் காப்பாற்றும் வேலைச் சட்டம் கப்பல் ஆட்களுக்கு இங்கே பொருந்தாது. கப்பல் ஒரு நாட்டுக் கொடியில் ஓடும், முதலாளி இன்னொரு நாட்டில், ஏஜென்ட் மூன்றாவது நாட்டில், பிடிக்கிற கடல் யாருக்கும் சொந்தமில்லை. யாரிடம் போய் நிற்பாய்? பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்கு இதே சிங்கப்பூர் வழியாகத்தான் நடந்திருக்கிறது. ஊரில் ஒரு சம்பளம் சொல்லி, டூரிஸ்ட் விசாவில் இங்கே இறக்கி, ஒரு அடுக்குமாடி வீட்டில் நெருக்கியடித்துத் தங்க வைத்து, குறைந்த சம்பளத்துக்கு வேறொரு தாளில் கையெழுத்து வாங்கிக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள்.

இந்தோனேசியாவில் பெஞ்சினா என்று ஒரு தீவுக் கிராமம். அங்கே மீனவர்களைக் கூண்டில் அடைத்து வைத்திருந்ததை ஏபி என்ற செய்தி நிறுவனத்தின் ஆட்கள் போய்ப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் பர்மாக்காரர்கள், தாய்லாந்து வழியாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்தச் செய்திக்குப் பிறகு இரண்டாயிரத்துக்கு மேல் ஆட்கள் மீண்டார்கள். அதில் ஒருவர் அம்மாவைப் பார்த்தது 22 வருடம் கழித்து. 2020-இல் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் வெளியே வந்த ஒரு கப்பல் விஷயத்தில், அதில் வேலை பார்த்த இந்தோனேசியர்களில் நான்கு பேர் செத்தார்கள், மூன்று உடல்களைக் கடலிலேயே போட்டுவிட்டார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் 2022 கணக்கில், கட்டாய வேலையில் சிக்கிய மீனவர்கள் மட்டும் 1,28,000 பேர். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை அக்கா. மச்சான் "எங்கேயோ ஒன்று நடந்திருக்கும்" என்பார், அதற்காக எழுதுகிறேன்.

இப்போது பெரியவன் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய தாளுக்கு வருகிறேன். அரைப் பக்கம். "கப்பல் வேலை, சிங்கப்பூர், மாதம் 40,000, சாப்பாடு இலவசம்." எந்தக் கப்பல் என்று இல்லை. எந்த நாட்டுக் கொடி என்று இல்லை. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கரை என்று இல்லை. சரக்குக் கப்பல் வேலை என்றால் சிடிசி, அதாவது கப்பல் ஆட்களுக்கு அரசு கொடுக்கும் புத்தகம், கேட்பார்கள், அரசு லைசென்ஸ் வாங்கிய கம்பெனி வழியாகப் போக வேண்டும். இவனிடம் சிடிசி கேட்கவே இல்லையே, அதிலேயே தெரியவில்லையா அது மீன்பிடிக் கப்பல் என்று?

அந்த ஆள் இரண்டு லட்சம் கேட்கிறாராம். பதிவு பெற்ற ஏஜென்ட் நம் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. (நான் மூன்றரை லட்சம் கொடுத்தேனே என்று கேட்காதே, எனக்கு அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை.) வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிற, பத்தாவது முடிக்காத பையன்களை நம் அரசின் அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) இல்லாமல் ஏர்போர்ட்டில் விட மாட்டார்கள். இந்த அனுமதி தேவைப்படும் 18 நாட்டுப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. டூரிஸ்ட் என்று சொல்லி நேராக வந்துவிடலாம். எல்லாரையும் ஏன் சிங்கப்பூர் வழியாக அழைக்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான்.

பெரியவன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. தடைக்காலம் 61 நாள் வீட்டில் உட்கார வேண்டும். கடலுக்குப் போனால் எல்லைப் பக்கம் பிடித்துவிடுவார்களோ என்று உனக்குத் தூக்கம் வராது. டீசல் விற்கிற விலையில் பங்கு பிரித்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. சுனாமியில் அப்பாவின் படகு போனதிலிருந்து நம் வீட்டில் யாரும் சொந்தப் படகில் ஏறவில்லை. போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த உரிமையும் எனக்கு இல்லை, நானே போய் உட்கார்ந்திருப்பவன்.

அந்த ஆளிடம் மச்சான் இதைக் கேட்கட்டும். கப்பல் பெயரும் கொடியும் எழுதித் தரச் சொல்லட்டும். ஒப்பந்தத்தை ஊரிலேயே, தமிழில் படித்துப் பார்த்து, ஒரு நகல் நம் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்து. இங்கே வந்து இன்னொரு தாள் நீட்டினால் போடக் கூடாது. பாஸ்போர்ட் அவன் பையிலேயே இருக்க வேண்டும். சம்பளம் மாதா மாதம் உன் கணக்குக்கு வர வேண்டும், எதையும் பிடித்து வைக்கக் கூடாது. மீன்பிடி வேலைக்கென்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, எண் 188. அதன்படி வேலைக்கு எடுப்பதற்கான கட்டணத்தை மீனவன் தலையில் கட்டக் கூடாது, மூன்று நாளுக்கு மேல் கடலில் நிற்கும் கப்பலில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டும். நல்ல ஏஜென்ட் என்றால் பதில் சொல்வார். நம் ஆளுக்குக் கோபம் வரும் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் நம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று சின்னவளைப் பார்க்கச் சொல், அவளுக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

பணம் ஏதும் முன்னால் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல். திட்ட மாட்டேன். போனால் போகிறது, மீதியைக் கொடுக்காதீர்கள்.

எனக்குத் தோன்றுவது, அவன் வெல்டிங் பழகட்டும், சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வு (டெஸ்ட்) அடிக்கட்டும். ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். அதிலும் ஏஜென்ட் இருக்கிறான், அதிலும் செலவு இருக்கிறது, அதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். பெர்மிட்டில் வந்தால் அடுத்த பஸ்ஸில் போய் அவனைப் பார்த்துவிடுவேன்.

வருகிற ஞாயிறு உங்கள் நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கு, இங்கே எட்டரை, வீடியோவில் வருகிறேன். பெரியவனைக் கடற்கரைக்குப் போகாமல் வீட்டில் இருக்கச் சொல். அந்த அரைப் பக்கத் தாளின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல், முன்பக்கம் மட்டும்தான் அனுப்பியிருக்கிறான். வேளாங்கண்ணிப் பையன் திரும்பி வரும்போது நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கொடுத்தனுப்பு. நன்றாகக் கட்டிக் கொடு, போன தடவை அவன் பெட்டித் துணியெல்லாம் நாறிவிட்டது என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உன் தம்பி