கறித்தூள் போத்தலுக்குக் கீழ ஒரு கடிதம்

வட்டக்கச்சி
வைகாசி, வியாழன் இரவு

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாய் இருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுறம். கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போயிட்டு வந்தனாங்கள். திருநீறும் சந்தனமும் சின்னப் பேப்பரில மடிச்சு வச்சிருக்கு, ஈரம் படாமல் எடு.

இந்தக் கடிதம் கறித்தூள் போத்தலுக்குக் கீழ இருக்கும். அம்மா பெட்டி கட்டி முடிச்சாப் பிறகு நான் அவிட்டு வச்சது. ஆனபடியால் கடிதம் வந்தது எண்டு அம்மாவிட்டச் சொல்லத் தேவையில்லை. தூள் வந்தது எண்டு சொல்லு, காணும்.

சிறுபோகம் விதைச்சாச்சு. இந்த முறை குளத்துத் தண்ணியில எங்களுக்குப் பங்கு குறைவு. மேட்டுக் காணியில உழுந்து போட்டன், மயில் விடுகுதில்லை. சிவலை கண்டு போட்டிட்டுது, நாகு. தம்பி அதுக்கு உன்ர பேரை வச்சுக் கூப்பிட்டு அம்மாவிட்ட அடி வாங்கினவன். பாலைப்பழம் தொடங்கிட்டுது. அனுப்பலாம் எண்டு பார்த்தன், பஸ்ஸில வாறதுக்கிடையில புளிச்சுப்போகும். சின்னனில நீ வாய் முழுக்கப் பால் ஒட்டி, உதடு திறக்கேலாமல் அழுதது நினைவு வந்தது.

போன செவ்வாய் காலமை பத்து மணி போல நீ போன் எடுத்தனி. நான் வாய்க்கால் கட்டில நிண்டன். “லெக்சர் பிறேக் அப்பா” எண்டனி. பின்னால ரயில் ஒண்டு கூவிக்கொண்டு போச்சு. பிறகு ஒரு பொம்பிளைக் குரல் சிங்களத்தில என்னவோ அறிவிச்சது. உங்கட கம்பஸ் ரயில் பாதைக்கு அவ்வளவு கிட்டவோ? சும்மா கேக்கிறன். எஞ்சினியரிங் படிக்கக் கட்டுபெத்தைக்கு, மொறட்டுவக் கம்பஸுக்கு, உன்னைக் கொண்டுவந்து விட்ட அண்டைக்கு வானுக்குள்ள இருந்து பார்த்ததோட சரி, எனக்கு இடவலம் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. காலமைச் சாப்பாட்டை விடாத. பாண் வாங்கித் திண்டிட்டு “சாப்பிட்டன்” எண்டு சொல்லாத. மகாபொல உதவிப்பணம் பிந்தினால் சொல்லு, கடன்பட மாட்டன், உழுந்து வித்துத்தான் போடுவன். உன்ர படிப்புக்கு நான் இன்னும் ஒருத்தரிட்டயும் கை நீட்டேல்லை, அதைப் பற்றி நீ யோசிக்காத. இரவில முழிச்சிருக்காத.

விளங்காததை ஆரிட்டையாவது கேள். இதை நான் போனிலயும் சொல்லியிருப்பன். திரும்பவும் சொல்லுறன்.

சித்தி போன கிழமை வந்தவ. “பிள்ளைக்கு என்ன ஃபீல்ட் கிடைச்சது” எண்டு கேட்டா. முதல் செமஸ்டர் ரிசல்ட்ஸ் பார்த்துத்தான் பிரிப்பினம் எண்டு நீதானே சொன்னனி. நான் “இன்னும் விடேல்லை” எண்டு சொல்லிப்போட்டன். சித்தியின்ர மகனுக்குத் தெரிஞ்ச பெடியன் உங்கட பட்சில இருக்கிறான் எண்டு அவ போன பிறகுதான் நினைவு வந்தது. பரவாயில்லை.

உனக்குக் கம்பஸ் கிடைச்சதுக்குச் சந்தியில கட்டின பனர் காத்துக்குக் கிழிஞ்சு தொங்கினது. கழட்டிக்கொண்டு வந்திட்டன். இப்ப வைக்கல் போருக்கு மேல போட்டிருக்கு. கோவிக்காத, உன்ர படம் இருக்கிற பக்கத்தை உள்ளுக்கு மடிச்சுத்தான் போட்டனான், வெயிலில வெளிறாமல். அந்தப் பனருக்கு நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. வங்கிக்குப் போறதெண்டாலும் அந்தச் சந்தியால சுத்தித்தான் போவன். இப்ப யோசிச்சால், நீ போக முதலே உன்ர தலையில அந்தத் தகரத்தையும் சிலாகையையும் தூக்கி வச்சிட்டமோ எண்டு இருக்கு.

ஆரும் அங்க “கோட்டாவில வந்தவள்” எண்டு சொன்னவையோ? சொல்லுவினம். திறமைக்கு 40 வீதம், மாவட்டச் சனத்தொகைக்கு 55, பின்தங்கின மாவட்டங்களுக்கு 5, இதுதான் கணக்கு. கிளிநொச்சி பின்தங்கினது நாங்கள் நித்திரை கொண்டதால இல்லை. நீ ‘அ’ எழுதினது மெனிக் பாம் அகதி முகாமில, தறப்பாளுக்குள்ள, நிவாரண மாப்பையைக் கிழிச்சு விரிச்ச கடதாசியில. அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கவும் வேண்டாம், கேட்டுக் கூனிக்குறுகவும் வேண்டாம். பகிடிவதை, ராகிங் ஏதும் எண்டால் மறைக்காத. 1997இல ஒரு தமிழ்ப் பெடியன் அதாலதான் சிறுநீரகம் பழுதாகிச் செத்தவன், அதுக்குப் பிறகுதான் 1998இல 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கடுங்காயம் எண்டால் பத்து வருசம் வரைக்கும் மறியல். தம்பியின்ர போனில தேடி வாசிச்சன்.

ஆனால் அது இல்லை எண்டுதான் என்ர மனம் சொல்லுது. அந்த ரயில் சத்தம் வேற.

உன்னை அனுப்பேக்க நாங்கள் என்னத்தை ஆயத்தப்படுத்தினம் எண்டு எண்ணிப் பார்த்தன். கரடிப்போக்குச் சந்தியில இரண்டு பக்கெட், நுளம்பு வலை, பூட்டு மூண்டு, சார்ஜ் லைட். அம்மா ஒவ்வொரு உடுப்பிலயும் உன்ர பேரின்ர முதலெழுத்தைச் சிவத்த நூலால தைச்சா. நான் பக்கெட்டுக்கு அடியில ஆணியைக் காய்ச்சி உன்ர பேரை எழுதினன். அந்தப் பக்கெட் களவு போகக்கூடாது எண்டதில எனக்கிருந்த கவனம்! உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒண்டுதான், அதை மட்டும் சொல்லேல்லை. சொல்லுறதெண்டால் என்ர கதையைச் சொல்ல வேணும், அதாலதான்.

ஊருக்குத் தெரிஞ்ச கதை உனக்கும் தெரியும். அப்பா எஞ்சினியரிங் கிடைச்சுப் போனவர், ஆமியின்ர ஜெயசிக்குறுச் சண்டையால படிப்புக் குழம்பிப்போச்சு. உனக்கு ரிசல்ட் வந்து பள்ளிக்கூடத்தில மாலை போடேக்க மேடையிலயும் அதைத்தான் சொன்னவை, தகப்பன் விட்ட இடத்தில மகள் தொடங்குறா எண்டு. சனம் கை தட்டினது. நானும் தட்டினன்.

பிள்ளை, அந்தக் கதையில திகதி மட்டும்தான் சரி. 1997 மே 13 சண்டை தொடங்கினது, வவுனியாப் பாதை பூட்டினது, எல்லாம் உண்மை. நான் மாசி மாசமே வகுப்புக்குப் போறதை விட்டிட்டன்.

ஜாம் போத்தல் விளக்கில படிச்ச கதையை நீ நூறு தரம் கேட்டிருப்பாய். அது பொய்யில்லை. 1996இல ஆமியின்ர சத்ஜெய சண்டையோட கிளிநொச்சியை விட்டு ஓடிப் புளியங்குளத்தில இருக்கேக்கதான் எனக்குக் கம்பஸ் கடிதம் வந்தது. தொகையீடு, வகையீடு, உராய்வு, எந்தக் கணக்கைத் தந்தாலும் செய்வன். அங்க போய் இருந்தால் எல்லாம் இங்கிலிஷ். ஒரு லெக்சரர் “மொமென்ட், மொமென்ட்” எண்டு ஒரு மணித்தியாலம் படிப்பிச்சார். டிக்சனறியில பார்த்தன், கணப்பொழுது எண்டு கிடந்தது. விட்டத்தில பாரத்தைத் தொங்கவிட்டிட்டு இந்தாள் ஏன் நேரத்தைப் பற்றிக் கதைக்குது எண்டு ஒரு கிழமை மண்டையை உடைச்சன். அது எங்கட திருப்பம், பிள்ளை. விசையின்ர திருப்பம். வன்னியில மரத்துக்குக் கீழ இருந்து நித்திரையிலயும் செய்யிற கணக்கு. பக்கத்தில இருந்தவனிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் முடிஞ்சுது. நான் கேக்கேல்லை. புளியங்குளத்தில இருந்து வந்தவனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைப்பான் எண்டு பயம். பிறகு ஒரு டியூட் குடுக்கேல்லை, பிறகு ஒரு ரெஸ்டுக்குப் போகேல்லை, பிறகு முகத்தைக் காட்ட வெட்கம்.

காலமை மற்றவங்களோட வெளிக்கிட்டு, ஃபைலையும் எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போவன். இரண்டாம் மேடைக் கடைசி வாங்கு. பக்கத்தில தண்ணிப் பைப் ஒண்டு, பூட்டினாலும் சொட்டும். ஒரு பிளேன் டீ வாங்கி மத்தியானம் வரைக்கும் வச்சிருப்பன். எந்த ரயில் எத்தினை மணிக்கு, எது எவ்வளவு பிந்தும், எல்லாம் எனக்குப் பாடம். ஆராவது கேட்டால் “லெக்சர் பிறேக்” எண்டுவன். இரண்டு மாசம் அப்பிடிப் போச்சு.

சித்திரை வருசத்துக்கு வீட்டை வந்தன். திரும்பிப் போகாமல் இருக்க என்ன சொல்லலாம் எண்டு யோசிச்சுக்கொண்டு கிடக்க, சண்டை தொடங்கிட்டுது. ஓமந்தைப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டு எல்லாரும் பங்கர் வெட்ட ஓடேக்க எனக்கு உள்ளுக்கு ஒரு ஆறுதல் வந்தது. இதை எழுதக் கை கூசுது. சனம் செத்துக்கொண்டிருந்த சண்டையில நான் ஆறுதல்பட்டனான். அதே பட்சில இருந்த முள்ளியவளைப் பெடியன் இரண்டு மாசம் வன்னியை விட்டு வெளிக்கிடப் பாசுக்கு அலைஞ்சு, மன்னார்ப் பக்கத்தால சுத்தித் திரும்பிப் போனவன். என்னையும் வா எண்டு கூப்பிட்டவன். “அம்மாவுக்குச் சுகமில்லை” எண்டன். அப்பம்மா அப்ப கிணத்தடியில நிண்டு உடுப்புத் தோய்க்கிறா.

என்னை அனுப்ப அப்பப்பா மயிலையையும் கறுவலையும் வித்தவர் எண்டு உனக்குத் தெரியும். எதுக்குச் சொல்லுறன் எண்டால், வண்டிலை இழுக்க மாடு இல்லாமல்தான் அந்த வருசம் நாங்கள் மல்லாவிக்கு இடம்பெயர்ந்தது. இரண்டு சைக்கிள். ஏழு மூட்டை நெல்லும் அப்பம்மாவின்ர உரலும் புளியங்குளத்திலயே கிடந்துபோச்சு. மாங்குளச் சந்தி தாண்டேக்க ஆரோவின்ர வண்டில் ஒண்டு எங்களை முந்திப் போனது. அப்பப்பா சைக்கிளை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால அந்த மாட்டின்ர முதுகில ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. “சண்டை முடியப் போய்ப் படி” எண்டு மட்டும் இரவு சொன்னவர்.

அவருக்கு உண்மையைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருசம் இருந்தது. 2002இல பாதை திறந்தது, அப்பவும் சொல்லேல்லை. “இனி வயசு போச்சு” எண்டு சொன்னன், அவர் தலையாட்டினார். 2009 கடைசிச் சண்டையில, மாத்தளனில அவருக்குப் பக்கத்தில ஒரு இரவு முழுக்க இருந்தன். நீ என்ர மடியில நித்திரை. அப்பவும் தண்ணி வேணுமோ எண்டுதான் கேட்டன்.

அம்மாவுக்கும் இது தெரியாது. அவ என்னைப் பற்றி ஆக்களுக்குச் சொல்லுறதில அந்தக் கதைதான் முதல் வரும். அதை எடுத்துப்போட மனம் வரேல்லை.

நீ என்ன படிக்கிறாய், படிக்கிறியோ இல்லையோ எண்டு நான் இதில கேக்கேல்லை. தம்பியின்ர ஓ.எல். பாஸ் பேப்பர் வேலை முடிஞ்சால் அவனை அனுப்புறன், இரண்டு நாள் உன்னைப் பார்த்திட்டு வரட்டும். அவன் வாறது கரைச்சல் எண்டால் சொல்லு. ஸ்டூடன்ட் கவுன்சலர் எண்டு உங்கட கம்பஸில இருப்பினம், அவையிட்டைப் போறது குறைச்சல் இல்லை. ஒரு கொப்பியை நடுவில கோடு கிழிச்சு இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் இங்கிலிஷும் எழுது. பக்கத்தில இருக்கிற பிள்ளையைக் கேள், சிங்களப் பிள்ளை எண்டாலும் கேள். சாப்பிடு. திரும்பத் திரும்ப இதையே எழுதுறன் எண்டு தெரியுது.

நிப்பாட்டிப்போட்டு வீட்டை வரவேணும் எண்டு நினைச்சால், அதுக்கும் கதை ஒண்டு கட்டத் தேவையில்லை. கிளிநொச்சி ஸ்டேசனுக்கு நான் மோட்டச்சைக்கிளில வருவன். பனரைப் பற்றி யோசிக்காத, அது வைக்கலுக்கு நல்லாய்த்தான் இருக்கு.

வெள்ளிக்கிழமை இரவு எங்களுக்குத் தண்ணி முறை. பத்தரைக்குப் பிறகு நான் தனிய வயலில நிப்பன், அம்மா படுத்திடுவா. வரம்புக்குள்ள இறங்கினால் சிக்னல் இல்லை, வாய்க்கால் கட்டில ஏறினால்தான் வரும். மடையைத் திறந்து விட்டிட்டுக் கட்டிலயே நிப்பன், விடியுமட்டும்.

அப்பா

புழுக்கொடியல் மற்றப் பையில இருக்கு. ரூம் பிள்ளைகளுக்கும் குடு.