மாப்ளே, அந்த வீடியோவைப் பார்த்தேன்

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம், மாமியார் உட்பட. இத்தனை மாதம் பதில் போடாததற்குத் திட்டு பாக்கி இருக்கிறது, நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது எழுதுவது நீ தாழப் பறந்து ரோல் போட்ட, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று உருட்டிய, அந்த வீடியோவுக்காக. ரோல் அழகுதான், பறக்கச் சொல்லிக்கொடுத்த நம் வாத்தியாரே ஒரு உறுமலோடு விட்டிருப்பார். ஆனால் மரத்து உச்சி இலை இலையாகத் தெரிகிறதேடா! மிஞ்சிப்போனால் 300 அடி இருக்குமா? கேட்டால் 'இது 6 ஜி தாங்கும்' என்கிறாய், அதாவது தன் எடையைப் போல ஆறு மடங்கு விசையை. தாங்கட்டுமே. 1980 ஜூன் 23 அன்று டெல்லியில் சஞ்சய் காந்தி விழுந்தது ஓட்டை விமானத்திலா? பிட்ஸ் எஸ்-2ஏ, குட்டிக்கரணம் போடவென்றே கட்டியது. கூட இருந்தவர் ஒரு கேப்டன். இருவருமே பிழைக்கவில்லை.

நீ தலைகீழாக இருக்கும்போது மூக்கு கொஞ்சம் இறங்குகிறது, வீடியோவை அங்கே நிறுத்திப் பார். 3000 அடியில் அது ஒரு அசிங்கமான ரோல், அவ்வளவுதான். தாழ்வில் என்றால் கண்ணாடி முழுக்கத் தரை, கை தானாக ஸ்டிக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் பிடியை, வயிற்றோடு இழுக்கும், தலைகீழாக இருந்து இழுத்தால் இன்னும் வேகமாகத் தரைக்குத்தான் போவாய். சரி, எப்படியோ நிமிர்ந்துவிட்டாய் என்றே வை, அப்போதும் இழுக்கத்தானே செய்வாய்? 4 ஜி இழுத்தால் ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே இறக்கை காற்றில் பிடிப்பை இழக்குமோ அது, இரண்டு மடங்கு. சாதாரணமாக 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆவது 100 நாட் வேகத்திலேயே ஆகிவிடும். ஸ்டிக் உதறும், மூக்கு மேலே பார்க்கும், விமானம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்டிக்கைத் தளர்த்தினால்தான் இறக்கை மறுபடி பிடிக்கும், ஆனால் தரை முகத்துக்கு நேரே வரும்போது தளர்த்த எந்தக் கைக்கு மனசு வரும்?

அமெரிக்காவில் ஏர்ஷோக்காரர்களையே 800 அடி, 500, 250 என்று படிப்படியாகத்தான் கீழே விடுகிறார்கள். மற்றவர்களுக்கு 1500 அடிக்குக் கீழே பேச்சே இல்லை. நீயோ நேரே மரத்து உச்சியில் ஆரம்பித்திருக்கிறாய், சின்ன வயதிலிருந்தே உனக்குப் படிக்கட்டு என்றால் ஆகாது.

இதில் அடுத்த மாதம் மருமகனையும் ஏற்றப் போகிறாயாம். ஆள் கூடினால் எடை கூடும், ஸ்டால் வேகமும் கூடும், வெயில் நாளில் இன்ஜின் இழுப்பும் குறையும். நீ பழகியது தனியாக, இது வேறு விமானம் மாதிரி. கோபம் வந்தாலும் பரவாயில்லை, அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

அவனை 3000 அடிக்குக் கூட்டிப்போய் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்று. கீழே நிற்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது என்றால் பைனாகுலர் என் செலவு.

அப்புறம், தடியன் மறுபடி வேலையை விட்டுவிட்டான். ஞாயிறு ராத்திரி கூப்பிடுகிறேன், எடு.