தென்கிழக்கு அமெரிக்காவில் காட்டு நிலம் வைத்திருக்கும், வான்கோழி வேட்டைக்குச் செல்லும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜியா, அலபாமா, டென்னசி பக்கம் பைன் காடோ பழைய மேய்ச்சல் நிலமோ வாங்கியிருக்கும் தமிழர்களையும், வசந்தம் வந்தால் உரிமம் எடுத்துக்கொண்டு வான்கோழி வேட்டைக்குக் கிளம்பும் தமிழர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். மாநிலங்கள் வேட்டை சீசனைத் தள்ளிவைத்தன, ஒருவர் சுடக்கூடிய சேவல் எண்ணிக்கையைக் குறைத்தன, ஆனாலும் காட்டில் சேவல் சத்தம் கூடவில்லையே என்ற குறை உங்களிடம் இருக்கலாம். குறை நியாயமானது. விதிகள் சேவலைத்தான் தொடுகின்றன. பற்றாக்குறையோ குஞ்சில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் இடம் பெரும்பாலும் உங்கள் வேலிக்குள் இருக்கிறது.

இந்தப் பறவை ஒருமுறை ஏறக்குறையக் கைவிட்டுப் போனதுதான். 1930-களில் பல மாநிலங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியை வனவிலங்குப் பணிக்குத் திருப்பியது. கூண்டில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. 1951-இல் தென் கரோலினாவில் பீரங்கி வலை (வெடிவிசையால் பறவைகள் மேல் வீசப்படும் வலை) கொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு இடங்களில் விடத் தொடங்கிய பிறகுதான் இனம் மீண்டது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நாடு முழுவதும் 70 லட்சத்தை நெருங்கி, பிறகு சரியத் தொடங்கியது. சரிவு கடுமையாகத் தெரிவது தென்கிழக்கில்.

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. 2022-இல் ஜார்ஜியா ஒருவருக்கு ஒரு சீசனில் மூன்று சேவல் என்பதை இரண்டாக்கி, சீசனை ஏப்ரல் தொடக்கத்துக்குத் தள்ளியது. பொது நிலங்களில் இன்னும் ஒரு வாரம் தாமதம். அதே ஆண்டு அலபாமா ஐந்தை நான்காக்கி, முதல் பத்து நாள், சேவலை ஈர்க்க வைக்கும் பொம்மைப் பறவைக்குத் தடை போட்டது. டென்னசி 2023-இல் சீசனை இரண்டு வாரம் தள்ளி, எண்ணிக்கையை இரண்டாக்கியது. இதற்குப் பின்னால் உள்ள காரணம் இது: குழுவில் மேலாதிக்கம் உள்ள சேவல்தான் பெரும்பாலான பெட்டைகளோடு சேர்கிறது. பெட்டைகள் அடை உட்காரும் முன்பே அதைச் சுட்டுவிட்டால், அடுத்தது எது என்று சேவல்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும்வரை இனப்பெருக்கம் குலையலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த மாநிலம் முழுவதும் தள்ளும் முன்னரே சீசன் தள்ளப்பட்ட தெற்கு மாவட்டங்களையும் தள்ளாத பக்கத்து மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்ட முடிவில், கூடு பொரிப்பதிலோ குஞ்சு பிழைப்பதிலோ முன்னேற்றம் தென்படவில்லை. பெட்டை ஒருமுறை சேர்ந்தாலே பல வாரங்களுக்குக் கருவுற்ற முட்டை இடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக விதி வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. தாமதமும் குறைந்த எண்ணிக்கையும் அடுத்த ஆண்டுக்கு முதிர்ந்த சேவல்களை மிச்சம் வைக்கும்; மே மாதத்திலும் சத்தம் கேட்கும். குஞ்சு கூடும் என்று மட்டும் அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

குஞ்சுக் கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டை ஏறத்தாழ நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, 28 நாள் அடைகாக்கும். ஆக, கூடு சுமார் ஆறு வாரம் தரையில் திறந்து கிடக்கிறது. தென்கிழக்கில் நான்கு கூட்டில் ஒன்று பொரித்தால் அதிகம். பொரித்த குஞ்சு முதல் இரண்டு வாரம் மரமேற முடியாமல் தாயின் இறக்கைக்குள் தரையிலேயே உறங்குகிறது. பாதிக்கு மேல் அந்த இரண்டு வாரத்திலேயே போய்விடும். கோடைக் கணக்கெடுப்பில் ஒரு பெட்டைக்கு இரண்டு குஞ்சு தேறினால் இனம் நிலைத்து நிற்கும் என்பது பொதுவான மதிப்பீடு. இப்போது பல இடங்களில் ஒன்றரைதான் வருகிறது.

உங்கள் நிலம் குஞ்சுக்கு ஏற்றதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஜூன் மாதத்தில் கைபேசியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். தண்டுகளுக்கு இடையே வெறும் மண்ணும் நடக்க வழியும் தெரிய வேண்டும். மேலே பருந்தின் கண்ணுக்குப் படாதபடி அகன்ற இலைச் செடிகள் முழங்கால் முதல் இடுப்பு உயரம்வரை கவிந்திருக்க வேண்டும். பூச்சி கிடைப்பது அந்தச் செடிகளில்தான். முதல் வாரங்களில் குஞ்சின் உணவு பெரும்பாலும் பூச்சி. படத்தில் புல் மெத்தை மட்டும் தெரிந்தால் அந்த நிலம் குஞ்சுக்கு உதவாது. பைன் ஊசிக் குப்பை மட்டும் தெரிந்தாலும் அப்படியே.

நெருக்கமான பைன் காட்டில் முதல் வேலை மரத்தைக் கலைப்பது, அதாவது இடையிடையே வெட்டி எடுப்பது. ஏக்கருக்கு அடிமரப் பரப்பு (மார்பு உயரத்தில் எல்லா மரத்தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கூட்டியது) 50, 60 சதுர அடிக்கு இறங்கினால்தான் தரைக்கு வெயில் வரும். கலைத்துவிட்டுத் தீ வைக்காமல் விட்டால், மூன்றே ஆண்டில் ஸ்வீட்கம் என்ற மரத்தின் கன்றுகள் ஆளுயரம் எழுந்து பழையபடி இருட்டாகிவிடும். அதனால் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கு என்று எரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எரித்தால் கூடு வைக்க மறைவே இருக்காது. குளிர்காலத் தீ மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் ஸ்வீட்கம் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சில சுற்றுகளை ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் வைத்தால் அது அடங்கும், கூடுகளும் அதற்குள் முடிந்திருக்கும். வசந்தத் தீயில் கூடுகள் எரிந்துபோகும் என்ற பயம் மிகைப்படுத்தப்பட்டது. எரியும் கூடு மிகச் சில, கூடு இழந்த பெட்டை பல சமயம் மறுபடி முட்டையிடும்.

தீ விஷயத்தில் அவசரம் கூடாது. சுற்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு அடி அகலத்துக்கு மண் தெரியும் தீத்தடுப்புக் கோடு வேண்டும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் தீ கைமீறும். 55-ஐத் தாண்டினால் சரியாகப் பிடிக்காமல் புகைந்துகொண்டே கிடக்கும். காற்று போகும் பக்கத்துக் கோட்டில் பற்றவைத்து, காற்றை எதிர்த்து மெல்ல நகரவிடுங்கள். காற்று திசை மாறும் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள். பெரிய சங்கடம் தீயைவிட இரவுப் புகை: கட்டைகள் கனன்றுகொண்டிருந்தால் புகை பள்ளத்தில் இறங்கி, பனிமூட்டத்தோடு சேர்ந்து சாலையை மறைத்துவிடும். ஜார்ஜியாவில் மாநில வன ஆணையத்தின் அனுமதி எரிக்கும் நாளன்று பெற வேண்டும். முதல்முறை அனுபவமுள்ள தீக்குழுவை அமர்த்துங்கள்.

செலவில் ஒரு பகுதியை மத்திய வேளாண் துறையின் என்.ஆர்.சி.எஸ். (இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை) அலுவலகம் ஈக்விப் (சுற்றுச்சூழல் தர ஊக்கத்) திட்டத்தில் தரும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிட்டு விண்ணப்பித்தால் பொதுவாகப் பணம் வராது. பலர் இதில்தான் தவறுகிறார்கள்.

பழைய மேய்ச்சல் நிலம் என்றால் எதிரி ஃபெஸ்க்யூ புல். மேய்த்தோ வெட்டியோ குட்டையாக்கி, புது இலை ஆறு எட்டு அங்குலம் வந்ததும், அக்டோபர் நவம்பரில் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் சாகும். அடுத்த வசந்தத்தில் மண்ணில் கிடந்த விதைகளே முளைத்து வரும். அவசரப்பட்டு விலையுயர்ந்த விதைக் கலவை வாங்க வேண்டாம். வயல் அழகாக இருக்க வேண்டும் என்று மே, ஜூன், ஜூலையில் புதர்வெட்டி ஓட்டும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அடை உட்கார்ந்த பெட்டை கடைசி நொடிவரை எழாது.

மக்காச்சோளம் கொட்டும் தீனிப்பெட்டிகள் வான்கோழிக்கு உதவுவதைவிட ரக்கூனுக்கும் ஒபாஸத்துக்கும் உதவுகின்றன. முட்டை தின்னும் அதே விலங்குகளை நாமே கூட்டுக்குப் பக்கத்தில் கூட்டிச் சேர்க்கிறோம். பூசணம் பிடித்த சோளத்தில் அஃப்ளாடாக்ஸின் நஞ்சும் உண்டு. தீனி கொட்டிய இடத்தில் வான்கோழி சுடுவது ஜார்ஜியாவில் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். பொறி வைத்து ரக்கூனைக் குறைக்கலாம்தான். ஆனால் கூடு வைக்கும் காலத்துக்குச் சற்று முன், அக்கம்பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து, ஆண்டுதோறும் செய்ய வேண்டும். நாற்பது ஏக்கரில் தனியாக வைத்தால் காலியான இடத்தைப் பக்கத்துக் காட்டு ரக்கூன்கள் சில வாரங்களில் நிரப்பிவிடும். கோழி வளர்ப்பவர்கள் கோழி எருவைக் காட்டோர வயலில் பரப்பாதீர்கள். நோய் தொற்ற வழி. வளர்ப்பு வான்கோழியை அவிழ்த்துவிடவும் வேண்டாம்.

வேட்டைக்காரர்களிடமும் சில கோரிக்கைகள் உண்டு. டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிட அடர்த்தி கூடியது, தூரம் போகும். அந்தத் தைரியத்தில் அறுபது கெஜத்தில் சுடுகிறார்கள். காட்டில் தூரத்தைக் கண்ணால் கணிப்பதில் பிழை அதிகம், காயத்தோடு ஓடி எங்கோ சாகும் பறவை எந்தக் கணக்கிலும் வராது. நாற்பது கெஜத்தோடு நிறுத்துங்கள். வான்கோழியின் விரித்த வால் விசிறியை முன்னால் பிடித்து, அதன் பின் மறைந்து ஊர்ந்து போகும் முறை பெரும்பாலும் மேலாதிக்கச் சேவலைத்தான் கொல்கிறது. தவிர, விசிறிக்குப் பின்னால் இருப்பது மனிதன் என்று எதிரே துப்பாக்கியோடு இருப்பவருக்குத் தெரியாது. மார்புத் தாடி உள்ள பெட்டையைச் சுட அனுமதிக்கும் மாநிலங்களிலும் அதை விட்டுவிடுங்கள். ஒரு வயது இளஞ்சேவல்தான் அடுத்த ஆண்டின் கூவல், அதையும் விடுங்கள். ஜார்ஜியாவில் சுட்ட பறவையை இடத்தைவிட்டு நகர்த்தும் முன்பே உங்கள் வேட்டைப் பதிவேட்டில் எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் கேம் செக் என்ற மாநிலப் பதிவு முறையில் தெரிவிக்க வேண்டும்.

கோடைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்ளுங்கள். இதில் அடிக்கடி நேரும் பிழை, குஞ்சோடு வரும் பெட்டையை மட்டும் பதிவுசெய்வது. குஞ்சில்லாமல் தனியாக மேயும் பெட்டையையும் எழுதினால்தான் விகிதம் உண்மையாக வரும். இல்லையென்றால் இல்லாத குஞ்சுகளை நம்பி மாநில வனவிலங்குத் துறை அடுத்த சீசனை வகுக்கும். ஒரே கூட்டத்தை மறுநாளும் பார்த்தால் இரண்டாவது முறை சேர்க்காதீர்கள். உயரமான புல்லில் நின்றால் குஞ்சு தெரியாது. சாலையையோ வெட்டவெளியையோ கடக்கும்வரை காத்திருந்து எண்ணுங்கள். எண்ண முடியாமல் போனால், குஞ்சு இருந்தது, எண்ண முடியவில்லை என்று குறிப்பிடுங்கள். ஊகமாக ஓர் எண்ணை இட வேண்டாம்.

இப்படிக்கு,
வனநிலப் பராமரிப்பிலும் வான்கோழிக் கணக்கெடுப்பிலும் ஈடுபட்டிருக்கும் சிலர்