மின்சாரமே வேண்டாத வானொலி: பள்ளி ஆய்வகத்தில் செய்யலாமே!

ஆசிரியருக்கு வணக்கம்.

வானொலி வரலாறு என்றதும் மார்க்கோனியும் 1901-இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய மோர்ஸ் குறியும்தான் மாணவர்களுக்குத் தெரிகிறது. அதே 1901-இல், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத் தாதுக் கல்லைக் கொண்டு மின்காந்த அலையை உணரும் கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1904-இல் கிடைத்தது. 1920-களில் வால்வு செட் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு வானொலியைக் கொண்டுசேர்த்தது, இந்தக் கல்லை வைத்து மின்சாரமே இல்லாமல் இயங்கிய ‘கல் செட்’தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31-இல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒலிபரப்பில் இறங்கியது அந்தக் காலத்தில்தான்.

இந்தக் கல் செட்டைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, கல்லுக்குப் பதில் டையோடு வைத்துச் செய்து பார்ப்பது மேல். ஏழரை சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டில் 26 கேஜ் எனாமல் கம்பியை நெருக்கமாக 55 சுற்று சுற்றிக் காயில் செய்ய வேண்டும். சுமார் 13 மீட்டர் பிடிக்கும். கீழ்முனையிலிருந்து பன்னிரண்டாவது சுற்றில் கம்பியை முறுக்கி ஒரு டேப் (இடை இணைப்பு) எடுத்து, அலையைப் பிடிக்கும் நீளக் கம்பியான ஏரியலை அங்கே இணைக்க வேண்டும். ஏரியலை நேராக மேல்முனையில் கொடுத்தால் சத்தம் கூடும், ஆனால் இரண்டு நிலையங்கள் ஒன்றாகக் கேட்கும். பழைய ரேடியோவில் கழற்றிய கேங் கண்டென்சரின் (நிலையம் மாற்றத் திருகும் மின்தேக்கியின்) ஒரு பகுதியைக் காயிலின் இரு முனைக்கும் குறுக்கே போட்டால், சென்னையின் 720, திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் டியூனிங்கில் அடங்கும். மேல்முனையிலிருந்து டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்), அதிலிருந்து இயர்போன், அங்கிருந்து எர்த் (தரை இணைப்பு). காயிலின் கீழ்முனையும் எர்த்தில்தான். இவ்வளவுதான் சுற்று.

பெரும்பாலும் தவறு நடப்பது டையோடில். கடையில் கையில் கிடைக்கும் சிலிக்கான் டையோடு 0.6 வோல்ட் அளவு வந்தால்தான் நன்றாகக் கடத்தும்; ஏரியலில் வரும் சிக்னல் அதற்குக் காணாது. ஓஏ79 அல்லது 1என்34 போன்ற ஜெர்மானியம் டையோடுதான் வேண்டும். கண்ணாடி உறையுள்ள 1என்34-ஐ வெளிச்சத்தில் பிடித்து லென்ஸால் பார்த்தால், மயிரிழை போன்ற கம்பி ஒன்று படிகத்தை முட்டி நிற்பது தெரியும். பழைய கல் செட்டில் கையால் தேடித்தேடி வைத்த கம்பி நுனி, அப்படியே உள்ளே இருக்கிறது.

செல்போன் இயர்போன் வெறும் 32 ஓம். மொத்தச் சிக்னலையும் அமுக்கிவிடும். மின்தடை மிக அதிகமான கிரிஸ்டல் இயர்போன் போட்டு, அதற்கு இணையாக 47 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வைக்க வேண்டும். இல்லையென்றால் டையோடு வழியாக வரும் மின்னூட்டம் வடிய வழியின்றி ஒலி சிதையும். கம்பி முனைகளில் எனாமலைச் சுரண்ட மறப்பதும் அடிக்கடி நடக்கும். இன்று தண்ணீர்க் குழாய்கள் பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் அதில் எர்த் எடுக்க முடியாது; ஈரமண்ணில் இரும்புக் கம்பி அடிக்க வேண்டும். ஏரியல் 15 மீட்டராவது வேண்டும், மின்கம்பிகளுக்கு அருகே கூடவே கூடாது. இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தாலே கழற்றிவிட வேண்டும்.

இந்தச் சுற்று கேட்பது மத்திய அலையை (மீடியம் வேவ்) மட்டும், பண்பலைக்கு (எஃப்எம்) உதவாது. நாட்டில் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. அலை இருக்கும்போதே ஒன்பதாம் வகுப்பு ஆய்வகத்தில் இதைச் செயல்பாடாகச் சேர்க்கும்படி பள்ளிக் கல்வித் துறையை வேண்டுகிறேன்.

— இயற்பியல் ஆசிரியர், திருச்சி