எழுபதாம் நாள் வந்த டெபிட் நோட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் திருப்பூர் ஏற்றுமதியாளர்களை எப்படி நெருக்குகிறார்கள் என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. 2020இல் கொரோனா வந்ததும் தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும் விலையைக் குறைக்கச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் கட்டுரை ஏற்றுமதி கம்பெனியின் கேட்டோடு நின்றுவிட்டது. அந்தக் கேட்டுக்கு வெளியே கூலி பில்லோடு காத்திருக்கும் எங்களையும் எட்டிப் பார்த்திருக்கலாம்.

நான் 18 மெஷின் வைத்து, ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்துகிறேன். துணி எங்களுடையது இல்லை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங் என்று ஊரைச் சுற்றிவிட்டு எங்களிடம் வரும். ஓவர்லாக், பேட்லாக் போட்டுத் தைத்துக் கொடுத்தால் பீஸ் கணக்கில் கூலி. டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். என் கூலி எந்தச் சனிக்கிழமை வரும் என்பது கம்பெனிக்குத்தான் வெளிச்சம். அந்தத் தாமதம் எங்களுக்குப் பழகிவிட்டது. குறை சொல்லிக் கூலியில் பிடித்தம் செய்யும் டெபிட் நோட்தான் பழகவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனிக்கு 6,000 டி-சர்ட் தைத்துக் கொடுத்தேன். செக்கிங் செய்துதான் எடுத்துக்கொண்டார்கள், கப்பலும் ஏறியது. எழுபதாம் நாள் ஒரு தாள் வந்தது. ஷேடு மாறிவிட்டதாம், லட்சத்துச் சொச்சம் கூலியில் 40,000 ரூபாய் பிடித்தம். நிறம் மாறினால் சாயப்பட்டறையை அல்லவா கேட்க வேண்டும்? பையர் பிடித்ததை எல்லோருக்கும் பிரித்துவிட்டோம் என்றார்கள். பையர் அனுப்பிய கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. அதன்பிறகு அங்கிருந்து வேலையும் வரவில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கில் குறை இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. எழுதி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. எழுபதாம் நாள் டெபிட் நோட் இதில் எங்கே நிற்கும்? ஆனால் இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் அரசு கவுன்சிலில் மனுப் போட்ட பவர் டேபிள்காரருக்கு மறுநாள் தைக்க யார் பீஸ் கொடுப்பார்கள்? சிறுதொழில் என்று அரசிடம் பதிந்த உத்யம் பதிவு இருக்கிறது என்று சொல்லவே தயங்குகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியைப் பெரிதாக நம்பினோம். கெடு தாண்டிய பாக்கியைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம் என்றது அது. நல்ல விதிதான். ஆனால் மே மாதத்து பில்லை மார்ச் 31க்குள் கொடுத்துவிட்டால் வரியில் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்களுக்கு மார்ச்சில் மட்டும் மரியாதை கூடியிருக்கிறது.

நாங்களும் யோக்கியர்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டு கம்பெனி பீஸை ஒரே வாரத்தில் வாங்கிவைத்து, அவசரப்படுத்துகிறவருக்கு முதலில் தைத்து மற்றவரின் ஷிப்மென்ட்டைக் கெடுப்பது இங்கே சாதாரணம். நானும் செய்திருக்கிறேன். ஒரே ஒருவர் வேலையை மட்டும் பதினொரு ஆண்டுகளாகத் தள்ளிவைத்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலையே பணம் போட்டுவிடுவார். குறை இருந்தால் மூட்டையைப் பிரித்த அன்றே போன் செய்வார், நானே போய்ப் பிரித்துத் தைத்துக் கொடுப்பேன். மற்றவர்களைவிடப் பீஸுக்கு ஒரு ரூபாய் குறைவாகத்தான் அவரிடம் வாங்குகிறேன். இதுவரை அவர் பேரம் பேசியதும் இல்லை, நான் கூட்டிக் கேட்டதும் இல்லை.

சங்கங்கள் கூலி உயர்வு பேசும்போது இதையும் பேச வேண்டும்: 15 நாள் கடந்த டெபிட் நோட் செல்லாது என்று டெலிவரி சலானிலேயே அச்சடிக்கட்டும். பையர் பிடித்த பணத்தில் பங்கு கேட்டால் பையர் எழுதிய கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கொடுக்கட்டும். வெளிநாட்டுக்காரரிடம் ஏற்றுமதியாளர்கள் கேட்கும் அதே நியாயம்தான் இது.

அந்தக் கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரையும் தாங்கள் வெளியிட வேண்டாம். அடுத்த வாரத்துக்கு இன்னும் பீஸ் வரவில்லை.

இப்படிக்கு,
பவர் டேபிள் உரிமையாளர் ஒருவர்,
திருப்பூர்.