இரண்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு: வீட்டுப்பாடம்

அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு பத்து மணிக்கு மேலும் "கணக்கு நோட்டில் எந்தப் பக்கம்?" என்று குழுவில் வரிசையாகச் செய்திகள். பிள்ளைகள் தூங்கிய பிறகு நாமேதான் எழுதிக்கொண்டிருந்தோம் போல. என் வீட்டிலும் அதே கதைதான், மறைப்பானேன்.

விதி என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் இதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020-இல் வந்த மத்திய அரசின் புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அதிகபட்சம் 2 மணி நேரம். நாளுக்கு அல்ல, வாரத்துக்கு! சின்ன வகுப்புகளில், மாலையில் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று பிள்ளைகளை வகுப்பில் பேசவைக்கச் சொல்கிறது.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வகுப்பு ஆசிரியையைச் சந்திக்கிறோம். சண்டை போட இல்லை. "ஹோம்வொர்க் கம்மியா இருக்கே" என்று போய்க் கேட்டவர்களும் நம்மில் உண்டு, அவர் பாவம் என்ன செய்வார்? எழுத்து வேலையை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கதைப் புத்தகம் வாசித்தால் போதும் என்று கேட்கலாம் என்பது என் எண்ணம். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

வருகிறவர்கள் வியாழனுக்குள் பெயர் கொடுங்கள். அப்புறம், இரவு ஒன்பதுக்கு மேல் நோட்டுப் படம் அனுப்ப வேண்டாம், ப்ளீஸ்.