நிழலுருவ ஓவியம் வரையத் தருவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மையில் நிழலுருவம் வரையச் சொல்லி வருவோரில் பலர், முகம் நேராகத் தெரியும் புகைப்படம் ஒன்றைக் கொடுத்து, அதைக் கறுப்பாக நிரப்பித் தந்தால் போதும் என்கிறார்கள். அவ்வாறு வரைய நாங்கள் இசையாததற்கும், கைக்கு அடங்கும் ஓவியத்துக்கே பல நாள் அவகாசம் கேட்பதற்கும் உள்ள காரணங்களை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

நேர்முகத்தில் ஒருவரை அடையாளம் காட்டுபவை கண்களும் உதடுகளும். அவை மைக்குள் மறைந்தால் எஞ்சுவது காதுகள் ஒட்டிய ஒரு நீள்வட்டமே. பக்கவாட்டிலோ, நெற்றியின் சரிவு, மூக்குத்தண்டின் வளைவு, உதடுகளின் புடைப்பு, மோவாயின் முனை எல்லாம் ஒரே கோட்டில் வந்து சேர்கின்றன. சூரிச் நகரப் பாதிரியார் யோகான் காஸ்பர் லவாட்டர் 1775 முதல் வெளியிட்ட முகக்குறி நூலில், அமர்ந்திருப்பவரின் ஒரு புறம் விளக்கும் மறுபுறம் சட்டத்தில் பொருத்திய தாளுமாக, நிழலைத் தாளில் விழச் செய்து கோடிழுக்கும் நாற்காலியின் படம் இருக்கிறது. முகக்கோட்டை வைத்துக் குணத்தைப் படிக்கலாம் என்ற அவருடைய கொள்கையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அந்த நாற்காலி முறையை மட்டும் மதிப்புடன் பின்பற்றுகிறோம். விளக்கு சிறியதாகவும் தலை தாளுக்கு நெருக்கமாகவும் இருந்தால்தான் நிழலின் விளிம்பு கூர்மையாக விழும்.

கோடு கிடைத்தபின் தொடங்குவதுதான் பெரிய வேலை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து புறப்பட்டு, எடின்பரோவில் தங்கித் தொழில் செய்து, 1788இல் லண்டனில் நிலைத்த நிழலுருவ ஓவியர் ஜான் மையர்ஸ் வெண்ணிறப் பிளாஸ்டர் வில்லைகளின் மேல் தீட்டியவற்றைப் பார்த்தால் இது விளங்கும். எடின்பரோவில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸும் அவர் முன் அமர்ந்தார். முகத்தை அடர்ந்த கறுப்பாக நிரப்பும் மையர்ஸ், கூந்தலின் ஓரத்தையும் கழுத்தின் பின்னல் துணியையும் நெருங்கும்போது மையை நீரால் மெலிதாக்கிக்கொண்டே போவார். இழைகளுக்கு இடையே ஒளி ஊடுருவுவதுபோல் தோன்றும். கத்தரிக்கோலால் வெட்டிய கறுப்புத் தாளில் இந்த மென்மை வாராது. வெட்டுக் கலையும் அரிய கலைதான், ஆனால் எங்கள் மனம் தூரிகையிடமே நிற்கிறது. ஒவ்வொரு பூச்சும் முழுதாக உலர்ந்த பிறகே அடுத்ததை இட முடியும் என்பதால்தான் நாட்கள் ஆகின்றன. பிற்காலத்தில் வழக்குக்கு வந்த பொன்னிறக் கோடுகளை நாங்கள் இடுவதில்லை, அவை பார்வையை முகக்கோட்டிலிருந்து இழுத்துவிடுகின்றன.

மை, விளக்குக்கரியும் பிசினும் சேர்ந்த கரி மையே. சாய மைகளில் பல வெயில் பட்டு வெளிறிவிடும், கரி வெளிறாது. ஆயினும் தாள் ஈரத்தைத் தாங்காது. எனவே நீர்க்கசிவுள்ள சுவரில் ஓவியத்தை மாட்டாதீர்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டே சட்டமிட்டுத் தருகிறோம்.

நேரில் வர இயலாதவர்கள் பக்கவாட்டுப் புகைப்படம் அனுப்பலாம். கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்தால் அளவுகள் பிறழ்ந்துவிடும் என்பதால், இரண்டு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்று, கருவியைக் கண் மட்டத்தில் வைத்து, வெளிச்சமான வெற்றுச் சுவரைப் பின்னணியாகக் கொண்டு எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். கூந்தலைக் காதுக்குப் பின் ஒதுக்குங்கள். மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்வது தங்கள் விருப்பம். மையர்ஸ் தம் மூலக்கோடுகளைப் பாதுகாத்துப் பின்னர் கேட்டவர்களுக்குப் படிகள் வரைந்து தந்ததுபோல, தங்கள் கோட்டையும் நாங்கள் வைத்திருப்போம். மறுபடி தேவைப்பட்டால் புதிதாக அமர வேண்டியதில்லை.

அன்புடன்,
ஓவியக்கூடத்தார்